வேட்டைப் பணம் யார் கணக்கில் விழுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பந்திப்பூர், நாகரஹொளே சஃபாரி பற்றிப் பேச்செடுத்தாலே, "ஆப்பிரிக்கா மாதிரி, பணம் கட்டி விலங்கைச் சுடும் வேட்டைச் சுற்றுலாவை அனுமதியுங்கள், காட்டோர ஊர்கள் பிழைத்துக்கொள்ளும்" என்று பெங்களூரில் யாராவது சொல்லிவிடுகிறார்கள். இங்கே அது நடக்காது. 1972 வனவிலங்குச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு வேட்டையைத் தடுக்கிறது. பொழுதுபோக்கு வேட்டைக்கு மிச்சமிருந்த உரிமமும் 1991 திருத்தத்தோடு போயிற்று. ஆனால் அங்கே கணக்கு எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதில் தப்பில்லை.

நமீபியாவில் 1996 சட்டத்திருத்தத்துக்குப் பின் ஊர்க்காரர்களே எல்லை குறித்து, உறுப்பினர் பட்டியல் போட்டு, வரும்படியைப் பங்கிடும் முறையை எழுதிக்கொடுத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் பதிகிறார்கள். வேட்டை நிறுவனம் கட்டும் பணம் சங்கத்தின் கணக்குக்கே வருகிறது. காவலாளி சம்பளம் அதிலிருந்து. கொம்பும் தோலும் வேட்டைக்காரருக்கு, கறி ஊருக்கு. வனவிலங்கு வருமானத்தை ஊர்களோடு பங்கிடும் ஜிம்பாப்வேயின் கேம்ப்ஃபயர் திட்டத்தில் பணம் முதலில் மாவட்ட கவுன்சிலுக்குப் போனது. பாதியாவது வார்டுகளுக்கு என்ற வழிகாட்டுதல் பல இடங்களில் ஏட்டோடு நின்றது.

பாகிஸ்தானின் வடக்கு மலைகளில் மார்க்கோர் என்னும் முறுக்குக்கொம்பு ஆட்டுக்கு 2019-இல் ஒருவர் கட்டியது 1,10,000 டாலர். அதில் 80 சதவீதம் ஊருக்கு. சுடுவது கிழட்டுக் கிடாயை மட்டும். கொம்பின் ஆண்டு வளையங்களைத் தொலைநோக்கியில் எண்ணிப் பார்த்துத்தான் வழிகாட்டி கைகாட்டுவார். சிங்கத்தில் இது சறுக்குகிறது. மூக்கில் கருமை எவ்வளவு படர்ந்திருக்கிறது என்று பார்த்து ஆறு வயது தாண்டியதா என முடிவு செய்ய வேண்டும். தப்பாகக் கணித்துக் கூட்டத்தலைவனைச் சுட்டால், புதிதாக வரும் ஆண் சிங்கம் அதன் குட்டிகளைக் கொன்றுவிடும். ஒரு தோட்டாவுக்கு ஒரு தலைமுறையே போய்விடும்.

இங்கே துப்பாக்கி வேண்டாம், அந்தக் கணக்குமுறை வேண்டும். மாட்டைப் புலி அடித்தால் நஷ்டஈடு உடனே வர வேண்டும். 2025 ஜூனில் மாதேஸ்வரன் மலைக் காட்டில் ஒரு பெண் புலியும் நான்கு குட்டிகளும் செத்தது விஷம் வைத்த மாட்டுச் சடலத்தைத் தின்றுதான். புலிகள் காப்பகத்தில் வசூலாகும் நுழைவுக் கட்டணத்தைக் கையாளச் சட்டத்தின் 38-எக்ஸ் பிரிவிலேயே அறக்கட்டளை உண்டு. எந்த ஊருக்கு எந்த மாதம் எவ்வளவு போனது என்று, கன்னடத்திலும் தமிழிலும் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டச்சொல்லி வனத்துறையைக் கேட்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
அல்சூர், பெங்களூரு