பாப்பாவின் முயலுக்கு என்ன போடுவது?

மாரண்டஅள்ளி

கண்ணு செந்தில்,

இங்கே எல்லோரும் சுகம். உங்கப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. பாப்பாவுக்கு முயல் வாங்கித் தந்ததாக நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். முயல் அழகாகத்தான் இருக்கிறது. அதன் முன்னால் வைத்திருக்கிற கிண்ணம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. மக்காச்சோளம், சூரியகாந்தி விதை, சிவப்பும் பச்சையுமாக ஏதோ உருண்டைகள். பொட்டலத்தின் மேல் முயல் படம் போட்டிருந்திருக்கும், அதை நம்பி வாங்கியிருப்பாய். படம் யார் வேண்டுமானாலும் போடலாம். போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

முயலுக்குப் புல்தான் சாப்பாடு, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. அதன் குடலில் சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் ஒரு பெரிய பை இருக்கிறது. அதிலுள்ள நுண்ணுயிர்கள்தான் நாரைப் புளிக்கவைத்து அதற்குச் சத்தாக்கித் தருகின்றன. மாவும் இனிப்பும் கூடினால் கெட்ட கிருமி பெருகி, கழிச்சலோ வயிற்று உப்பலோ வந்துவிடும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது, உள்ளே போனது போனதுதான். பல்லோ ஆயுசு முழுக்க வளரும், நீளமான காய்ந்த புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். அதனால் காய்ந்த புல் ராத்திரியும் பகலும் கூண்டில் இருக்க வேண்டும். பெல்லட் தீவனம், அதாவது எல்லாவற்றையும் அரைத்து ஒரே மாதிரி சின்னக் குச்சித் துண்டுகளாக அழுத்தியது, போடுவதென்றால், வளர்ந்த முயலுக்கு உடல் எடை ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 25 கிராம் போதும். கலர் உருண்டை கலந்ததை வாங்காதே. அது ருசியானதை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு நாரை அப்படியே விட்டுவிடும். கேரட்டும் பழமும் இனிப்புப் பண்டம் போலத்தான், விரல் நுனியளவு கொடுத்தால் போதும். கொத்தமல்லித் தழை கொடு, சந்தோஷமாகத் தின்னும்.

நம் முயல் கொட்டகையில் போடுவதை அப்படியே அங்கே போடலாமா என்று கவிதா கேட்டாளாம். வேண்டாம். இங்கே குட்டி போட்டுப் பால் கொடுக்கிற பெட்டைகளும், எடை ஏற வேண்டிய குட்டிகளும் இருக்கின்றன. அவற்றுக்குப் புரதம் 16 முதல் 18 சதவீதம் இருக்கிற தீவனம் வேண்டும். வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற முயலுக்கு அதே தீவனத்தை அதே அளவில் போட்டால் கொழுத்துப்போகும். உன் முயலுக்கு நார் கூடுதலாக, 18 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாகப் பார்த்து வாங்கு. மூட்டையின் பின்பக்கச் சீட்டில் எழுதியிருக்கும். சீட்டே இல்லாத தீவனத்தை வாங்கவே வாங்காதே.

அந்தச் சீட்டில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கோழித் தீவனம் விலை மலிவு, பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும், முயலும் தின்னத்தான் செய்யும். ஆனால் கோழிகளுக்கு ரத்தக்கழிச்சல் வராமலிருக்கச் சில தீவனங்களில் மொனென்சின், சலினோமைசின் மாதிரி மருந்துகளைக் கலக்கிறார்கள். கோழி தாங்குகிற அளவை முயல் தாங்காது. லின்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த கோழித் தீவனமும் பன்றித் தீவனமும் இன்னும் மோசம். அது வயிற்றிலுள்ள நல்ல கிருமியைக் கொன்றுவிட்டுக் கெட்டதை வளரவிடும். ஒரே அரவை மில்லில் எல்லாத் தீவனமும் ஓடுவதால், முந்தின கலவையின் மிச்சம் அடுத்ததில் வருவதும் உண்டு. அதனால் 'மருந்து கலந்த தீவனம் இங்கே அரைக்கிறீர்களா' என்று நான் நேராகவே கேட்டுவிடுவேன். பதில் சொல்ல யோசித்தால் வேறு கடைதான். வயிற்றிலுள்ள நல்ல கிருமி செத்துவிடும் என்பதால்தான், முயலுக்குச் சளி என்று வீட்டிலிருக்கிற அமாக்சிசிலின் ஆன்டிபயாடிக்கை வாயில் ஊற்றிவிடாதே என்கிறேன். மருத்துவர் பார்க்காமல் எதுவும் வேண்டாம்.

நம்ம ஊரில் கடலைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கும், எல்லாரும் அதைத்தான் போடச் சொல்வார்கள். ஐப்பசி மழையில் ஈரம் ஏறினால் அதில் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற விஷம் உண்டாகும். மக்காச்சோளத்திலும் அப்படித்தான். கல்லீரலைத் தாக்குகிற விஷம் அது, முயலுக்குக் கொஞ்சம் போனாலே தாங்காது. வெயிலில் காய வைத்தால் பூஞ்சணம் காயும், விஷம் போகாது. நான் மூட்டையைப் பிரித்ததும் கையை அடிவரை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்ப்பேன். சூடாக இருந்தாலோ, கட்டி கட்டியாக வந்தாலோ, மக்கிய நாற்றம் அடித்தாலோ அப்போதே திருப்பி அனுப்பிவிடுவேன். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

பசுந்தழை பற்றி உங்கப்பாவுக்கும் எனக்கும் ஓயாத சண்டை. அவர் பாலக்கோட்டுப் பக்கம் போனால் தக்காளிச் செடியைக் கத்தையாகத் தூக்கி வருவார். தக்காளி இலையில் விஷச்சத்து உண்டு, மருந்து வேறு அடித்திருப்பார்கள். அரூர் பக்கத்து மரவள்ளித் தழையும், இளஞ்சோளப் பயிரும் சயனைடு சங்கதி, அது மாட்டுக்கே ஆகாதென்று உனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். உண்ணிச்செடி, அரளி, எருக்கு எதையும் தொடக்கூடாது. வேலிமசால், கொழுக்கட்டைப்புல், அருகம்புல், முருங்கைத் தழை இவைதான் நான் போடுவது. மல்பெரி இலையும் நல்லதுதான். ஆனால் எங்கிருந்து வந்தது என்று கேட்பேன். பட்டுப்புழு தின்று உயிரோடு இருக்கிற தோட்டத்து இலை என்றால் பயமில்லை, பூச்சிமருந்து துளி இருந்தாலும் முதலில் சாவது புழுதான். கவாத்து முடிந்து மருந்து அடித்த தோட்டமென்றால் வேண்டாம். புழுப் படுக்கையிலிருந்து கூட்டி அள்ளிய மிச்ச இலை அறவே கூடாது, அதில் சுண்ணாம்பும் கிருமிநாசினிப் பொடியும் இருக்கும். நாம் இறைச்சிக்கு விற்கிறோம் இல்லையா, முயல் தின்கிற மருந்து யார் வீட்டுத் தட்டுக்கோ போகிறது. பறித்த தழையைக் குவித்து வைத்துச் சூடேறவிடாமல், நிழலில் பரப்பி வாடவிட்டுத்தான் போடுவேன்.

தண்ணீரும் தீவனம் மாதிரியே முக்கியம். நம் பக்கத்து போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்றுதானே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே வந்தது, 2013இல். அந்தக் குழாய்த் தண்ணீரைத்தான் முயலுக்கும் வைக்கிறேன். உனக்கு அங்கே அந்தக் கவலை இல்லை, பாத்திரத்தைத் தினமும் கழுவினால் போதும்.

சரி, அந்த வண்ணப் பொட்டலத்தை இன்றே குப்பையில் கொட்டிவிடாதே. திடீரென்று மாற்றினாலும் வயிறு கெடும். ஏழெட்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புல்லைக் கூட்டு. தினமும் காலையில் புழுக்கையைப் பார். பெரிதாக, உருண்டையாக, உடைத்தால் உள்ளே நார் தெரிந்தால் நல்லது. சிறுத்துப் போனாலோ, போடாமலே இருந்தாலோ, அரை நாள் எதையும் தின்னாமல் மூலையில் குந்தியிருந்தாலோ, 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விடாதே, கால்நடை மருத்துவரிடம் ஓடு. பின்பக்கத்தில் வாய் வைத்து மெத்தென்ற புழுக்கையைத் தின்பதைப் பார்த்துப் பாப்பா அருவருப்படைவாள். அது நோயில்லை, சத்தை இரண்டாம் தடவை எடுத்துக்கொள்கிறது. தடுக்க வேண்டாமென்று சொல்.

பொங்கலுக்கு முயலையும் கூட்டி வரணும் என்று பாப்பா அடம் பிடிக்கிறாளாமே. கூட்டி வா. நம் முயல்களோடு கொட்டகையில் விட முடியாது, திண்ணையில் கூண்டை வைத்துக்கொள்ளலாம். அது அங்கே தின்கிற தீவனத்தையே ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வா. காய்ந்த புல்லை நான் எடுத்து வைக்கிறேன்.

அம்மா