கங்கோங் வாடினால் அதுவும் பாடம்தான்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

என் மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். விலங்குகளோடு வேலை செய்ய ஏதாவது படிப்பு உண்டா என்று போன மாதம் பள்ளியில் தொழில் வழிகாட்டி ஒருவரிடம் கேட்டிருக்கிறாள். "கால்நடை மருத்துவமா? ஆஸ்திரேலியாவுக்கு அனுப்ப வீட்டில் வசதி இருக்கிறதா?" என்று அவர் திருப்பிக் கேட்டாராம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சிங்கப்பூரில் கால்நடை மருத்துவக் கல்லூரி இல்லை. மருத்துவராக வேண்டுமென்றால் விமானம் ஏறத்தான் வேண்டும். ஆனால், மருத்துவரை விட்டால் இந்தத் துறையில் வேறு ஆளே கிடையாது என்பதுபோலப் பேச்சு அதோடு முடிந்துபோனதுதான் எனக்கு உறுத்தல்.

தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கால்நடை மருத்துவத் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பு இருக்கிறது. வேலையில் இருப்பவர்களுக்காக நகர்ப்புற வேளாண் தொழில்நுட்பத்தைப் பகுதிநேரப் பட்டயமாக ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரி தொடங்கியது. எல்லாம் சரி. இவை பதினேழு வயதுக்கு மேல் வருபவை. அதற்கு முன் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? பள்ளித் தோட்டம் இருக்கிறது.

அந்தத் தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மகளின் பள்ளியில் மண்ணில்லாமல் கீரை வளர்க்கும் அடுக்குத் தொட்டிகள் வைத்திருக்கிறார்கள். கங்கோங், சாய்சிம் கீரைகள் எல்லாம் பார்க்கப் பச்சைப் பசேலென்று இருக்கும். ஒரு ஜூன் விடுமுறையில் தொட்டிகளுக்கு நீர் ஓட்டும் மோட்டார் நின்றுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. பள்ளி திறந்த அன்று பார்த்தால் இலைகள் வெந்நீரில் போட்டதுபோலத் துவண்டு கிடந்தன. வேர்கள் பழுப்பேறி, தொட்டால் வழுக்கின. மறுநாள் பெற்றோர் கூட்டம். எனவே அவசர அவசரமாக எல்லாவற்றையும் பிடுங்கிக் குப்பையில் போட்டு, கடையில் வாங்கிய நாற்றுகளைச் சொருகிவிட்டார்கள்.

ஒரு பாடவேளையே அந்தக் குப்பைத் தொட்டிக்குள் போய்விட்டது என்பேன். நீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். ஓட்டமும் நின்றால் வேர் மூச்சு முட்டும். பிறகு அழுகல் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வேதியியலும் உயிரியலும் அந்த வழுக்கும் வேரில் ஒன்றாக இருந்தன. மதிப்பெண் இல்லாத நடவடிக்கை என்பதால் ஏன் செத்தது என்று யாரும் கேட்கவில்லை.

என் அம்மா செம்பவாங் பக்கம் கம்பத்தில் (கிராமத்தில்) இருந்தபோது இரண்டு மாடு வைத்திருந்தவர். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. பால் கறக்கும்போது முதல் பீச்சலை உள்ளங்கையில் விட்டு, திரிதிரியாக இருக்கிறதா என்று பார்ப்பாராம். மடி சூடாக இருந்தால் அந்தப் பாலைத் தனியே வைத்துவிடுவார். மடிநோயைக் கண்டுபிடிக்க இன்றும் மாட்டுப் பண்ணைகளில் செய்கிற முதல் சோதனை அதுதான். இன்றைக்கு அவர் பேத்தி மாட்டைக் கிட்டத்தில் பார்ப்பது பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவுக்குக் கொண்டுவருகிறார்களே, அப்போது மட்டும்தான். அதுவும் கைப்பேசியில் படம் எடுக்கிற தூரத்திலிருந்து.

அமெரிக்கப் பள்ளிகளில் இதைச் செய்கிற விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே பல உயர்நிலைப் பள்ளிகளில் வேளாண்மையும் விலங்கறிவியலும் பாடங்கள். வகுப்போடு, மாணவர் தமக்கென்று ஒரு வேலையை எடுத்துச் செய்ய வேண்டும்: ஒரு கன்று, சில முயல்கள், அல்லது ஒரு விலங்கு மருந்தகத்தில் உதவியாள் வேலை. தீனி எவ்வளவு, எடை எவ்வளவு கூடியது, செலவு என்ன என்று கணக்குப் புத்தகம் எழுதியாக வேண்டும். 1928-ல் 'அமெரிக்காவின் வருங்கால விவசாயிகள்' என்று தொடங்கிய மாணவர் அமைப்பு, 1988-ல் அந்தப் பெயரையே மாற்றிக்கொண்டது. ஏனென்றால் படித்தவர்கள் எல்லாரும் ஏர் பிடிக்கப் போகவில்லை. ஆய்வுக்கூடம், உணவுப் பரிசோதனை, வியாபாரம் என்று பரவிவிட்டார்கள்.

"நமக்கு நிலம் எங்கே?" என்று கேட்பார்கள். உண்மைதான், வேளாண்மைக்கு ஒதுக்கியது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. 2030-க்குள் 30 விழுக்காட்டு உணவை இங்கேயே விளைவிப்போம் என்ற இலக்கையும் அரசாங்கம் 2025 நவம்பரில் மாற்றிவிட்டது. இப்போது 2035-க்குள் நாம் உண்ணும் நார்ச்சத்தில் 20, புரதத்தில் 30 விழுக்காடு. ஆனால் நாம் உண்பதில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறதே, அதைச் சோதிக்க ஆள் வேண்டாமா? 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது சிக்கன் ரைஸ் கடைகள் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டோம். கோழி எங்கே வளர்கிறது, எப்படி நோய் வருகிறது என்று தெரிந்தவர்கள் கோழி அறுக்கும் கூடத்திலும் துறைமுகத்திலும் வேண்டும். சாங்கிக் கடலில் கொடுவா வளர்க்கும் கூண்டுகளுக்கு மீன் நோய் தெரிந்தவர் வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனையும் வளர்க்கலாம். அவற்றைப் பிடித்து ஊசி போட உதவுகிறவர்களும் வேண்டும்.

2027-ல் ஓ நிலை, என் நிலைப் பள்ளியிறுதித் தேர்வுகள் எல்லாம் போய் ஒரே உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் வருகிறது. என் மகள் அந்த முதல் அணி. கேம்பிரிட்ஜ் தேர்வு வாரியம் மற்ற நாடுகளுக்கு வேளாண்மையை ஒரு பாடமாக ஏற்கெனவே நடத்துகிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கல்வி அமைச்சு எல்லாப் பள்ளியிலும் கொண்டுவர வேண்டாம், வட்டாரத்துக்கு ஒரு பள்ளியில் விருப்பப் பாடமாக வைத்துப் பார்க்கட்டும். தேர்வில் பாதி மதிப்பெண் கணக்குப் புத்தகத்துக்கு இருக்கட்டும். செத்த கங்கோங்குக்கும் அதில் ஒரு பக்கம் இருக்கும்.

என் மகளுக்கு இது எப்படியும் தாமதம்தான். அதனால் ஒரு வேண்டுகோள். விடுமுறையில் இரண்டு வாரமாவது மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் பண்ணையோ விலங்கு மருந்தகமோ வாசகர்களுக்குத் தெரிந்தால் இந்தப் பகுதியில் எழுதுங்கள். சாணி அள்ளவும் தயார் என்கிறாள். அவள் பாட்டி மட்டும் இன்னும் நம்பவில்லை.

உயர்நிலை மூன்று மாணவியின் தாயார்,
ஈசூன்