ரேடியோவை இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்

மாங்க்டன், நியூ பிரன்ஸ்விக்
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் நன்றாக இருக்கிறேன். வேலையில் ஷிப்டைக் குறைத்திருக்கிறார்கள், அதனால் நல்ல ஓய்வு. குளிர் மைனஸ் 18. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

ரேடியோவில் வெறும் இரைச்சல்தான் வருகிறது, பழைய இரும்புக்குப் போட்டுவிடவா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அப்பா, பழுது ரேடியோவில் இல்லை. 2017 ஏப்ரல் 30 அன்று பிபிசி தமிழோசை வானொலி நின்றபோது நீங்கள் சாப்பிடாமல் படுத்ததை அம்மா சொன்னாள். அதுபோல இன்னும் பல நிலையங்கள் சிற்றலையை (ஷார்ட் வேவ்) விட்டு இணையத்துக்குப் போய்விட்டன. மிச்சம் இருப்பதையும் எல்இடி பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர் கிளப்பும் இரைச்சல் அமுக்கிவிடுகிறது. ராத்திரி மெயினை அணைத்துவிட்டு, பேட்டரி போட்டு மொட்டை மாடியில் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் கீழ்வீட்டுத் தாத்தா சொல்லித் தெரிந்தது. அவரும் உங்களைப் போல நேயர்தான். ஜன்னலிலிருந்து மேப்பிள் மரத்துக்கு ஒரு கம்பி கட்டியிருக்கிறார். அதில் ஐஸ் பிடித்தால் இந்தக் குளிரிலும் வெளியே போய்த் துடைப்பக்கட்டையால் தட்டிவிட்டு வருவார். போன ஞாயிறு என்னைச் சாக்வில்லுக்குக் கூட்டிப்போனார். உங்கள் டிரங்குப் பெட்டியில் மேப்பிள் இலை போட்ட வண்ண அட்டை இருக்குமே, கனடா சர்வதேச வானொலி அனுப்பியது, அந்த நிலையத்தின் கோபுரங்கள் அங்கேதான் சதுப்பு நிலத்தில் நின்றன. 1945-இல் தொடங்கிய ஒலிபரப்பு 2012 ஜூனில் நின்றது. 2014-இல் கோபுரங்களையும் சாய்த்துவிட்டார்கள். இப்போது பனிதான். தாத்தா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. எந்தக் கோபுரம் எங்கே நின்றது என்று விரலால் காட்டிக்கொண்டே இருந்தார்.

அன்று ராத்திரி அவர் சமையலறையில் 7850 கிலோஹெர்ட்ஸ் வைத்தார். ஒட்டாவாவிலிருந்து நேரம் சொல்லும் நிலையம் அது. நொடிக்கு நொடி 'டிக்' என்று சத்தம், நிமிடத்துக்கு ஒருமுறை மணி சொன்னார்கள். முள்ளைத் திருப்பும்போது வருமே அந்த 'உய்ங்' சத்தம், அதைக் கேட்டதும் வேப்பமரத்தடியில் ஏரியல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றதும், "அசையாதேடா, அப்படியே நில்லு" என்று நீங்கள் திண்ணையிலிருந்து சொன்னதும் ஞாபகம் வந்துவிட்டது. கண் கலங்கிவிட்டது அப்பா. தாத்தா எதுவும் கேட்காமல் டீ போட்டுக் கொடுத்தார்.

சரி, செல்வியின் பி.எட். கட்டணத்தை மார்ச்சில் கட்டாயம் அனுப்புகிறேன். இந்த ஒரு மாதம் சித்தப்பாவிடம் வாங்கிச் சமாளியுங்கள். போர் மோட்டாருக்குக் காயில் கட்டினால் போதும், புதிது வேண்டாம். பெரியப்பா வரப்பை அளக்க ஆள் கூட்டி வந்தால் நீங்கள் தனியாகப் பேச வேண்டாம், மாமாவையும் வைத்துக்கொள்ளுங்கள். எதிலும் கையெழுத்துப் போடும் முன் பட்டாவைப் படமெடுத்து அனுப்பச் செல்வியிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்
குமார்