மாமாவுக்கு, நீங்கள் கேட்ட கேள்விக்கு

அன்புள்ள மாமா,

தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டே கேட்டீர்கள்: "அம்மாவைக் காப்பாத்தாத முருகனுக்கு ஏம்மா இன்னும் பால்குடம் எடுக்கிற?" பின்னால் கூட்டம் நெருக்கியது. பதில் சொல்லாமல் நகர்ந்துவிட்டேன். பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளிலும் அந்தக் கேள்வி கூடவே ஏறி வந்தது.

ஒன்றை முதலில் ஒப்புக்கொள்கிறேன். அம்மா மருத்துவமனையில் கிடந்தபோது நான் வைத்த வேண்டுதல் சுத்தமான பேரம். எழுப்பிக் கொடு, மூன்று வருஷம் பால்குடம் எடுக்கிறேன் என்றேன். அம்மா எழவில்லை. கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்யும் அந்தக் கடவுளை நானும் அந்த வாரமே இழந்துவிட்டேன். அவர் இல்லை என்று நீங்கள் சொன்னால் எனக்கு மறுப்பே கிடையாது.

ஆனால் கருமாதி எல்லாம் முடிந்து ஒரு நாள், விளக்கேற்றும் நேரத்தில் கை தானாகத் தீப்பெட்டியைத் தேடியது. கேட்பதற்கு இனி ஒன்றும் இல்லை. சாமி படத்துக்கு முன்னால் நின்று அழுதேன். திட்டினேன்கூட. "உனக்குக் கண் இல்லையா?" என்றேன். கவனித்திருக்கிறீர்களா மாமா, முருகனை யாரும் 'நீங்கள்' என்று கூப்பிடுவதில்லை. வாய் நிறைய 'நீ'தான். அம்மாவையும் நான் அப்படித்தான் கூப்பிட்டேன்.

நாம் இருவரும் விலகுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். கடவுள் உண்டா என்று நீங்கள் கேட்கும்போது, மலைமேல் ஆள் இருக்கிறாரா என்று விசாரிக்கிறீர்கள். சாட்சி வேண்டும் என்கிறீர்கள், நியாயம்தான். எனக்கு அவன் 'அவர்' ஆனதே இல்லை. பேசத் தொடங்கிய பிறகுதான் அவனை எனக்குத் தெரியும். அதை எடுத்து உங்கள் கையில் வைத்துக் காட்ட எனக்கு வழி தெரியவில்லை.

"நட்ட கல்லும் பேசுமோ" என்று சிவவாக்கியரை அடிக்கடி சொல்வீர்கள். வரி அங்கே முடியவில்லை, மாமா. "நாதன் உள்ளிருக்கையில்" என்றும் இருக்கிறது. முன்பாதி உங்களுடையது, பின்பாதி என்னுடையது. சொன்னவர் ஒருவர்தான்.

1929-இல் பெரியார் பினாங்கு வந்தபோது தாத்தா பொடியன் என்பீர்கள். சாதி பார்த்து வாசலில் நிறுத்தும் கடவுள் எனக்கு வேண்டாம் என்று தாத்தா முடிவெடுத்த கதையை எத்தனை முறை கேட்டிருப்பேன்! அந்தக் கோபம் எனக்கும் உண்டு. வெள்ளி ரதத்துக்கு முன்னால் மலைமலையாகத் தேங்காய் உடைவதைப் பார்த்தால் எனக்கும் மனசு கேட்பதில்லை.

தமிழ்ப்பள்ளிச் சபைக்கூடலில் மலேசியத் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாரா சொல்லும்போது, "இறைவன் மீது நம்பிக்கை வைத்தல்" என்ற முதல் கோட்பாட்டுக்கு மட்டும் உங்கள் உதடு அசையாது. மாணவியாக முன்வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன். அப்போது பயமாக இருந்தது. இப்போது, நம்பாததைச் சொல்ல வாய்வராத ஒரு மனிதர் என் மாமா என்பதில் எனக்குப் பெருமை.

அதனால் உங்களிடமும் ஒன்று கேட்கத் துணிகிறேன். தினமும் காலையில் வார்டுக்கு வந்து, "அக்கா, நீ பசியாறிட்டியா?" என்பீர்கள். அம்மா போன அன்று காலையிலும், துணி மூடிய பிறகு, குனிந்து அதையே கேட்டீர்கள். நான் கதவருகில் நின்றிருந்தேன். அப்போது உங்களுக்குள் என்ன இருந்தது, மாமா? மடக்குவதற்காகக் கேட்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டும்.

சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்