எழுதி முடிப்பதற்கு ஓர் அறை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வசிக்கும் ஓய்வு பெற்ற தமிழாசிரியன். நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவன். பட்டுத்தறியில் உட்கார்ந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்த தொழிற்சொற்களைத் திரட்டிப் பொருள் எழுதி ஒரு சிறு அகராதியாக்க வேண்டும் என்று 2012 ஆம் ஆண்டு பணி ஓய்வு பெற்ற மறுமாதமே தொடங்கினேன். மூன்றே ஆண்டுகளில் 1,260 சொற்கள் சேர்ந்துவிட்டன. ஆனால், அவற்றுக்கு விளக்கம் எழுதி முடித்தது 2023 இல்தான். அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் என் வேலை ஏன் நின்றது, பிறகு எப்படி நடந்தது என்பதையும், அதிலிருந்து நம் பொது நூலகங்களிடம் நான் வைக்க விரும்பும் ஒரு வேண்டுகோளையும் தங்கள் நாளிதழின் வாயிலாகத் தெரிவிக்க விழைகிறேன். வட்டார வரலாறு, குடும்ப வரலாறு, ஆய்வேடு, மொழிபெயர்ப்பு என்று ஏதேனும் ஒன்றைப் பாதியில் வைத்திருப்பவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கவனச் சிதறல் என்றவுடன் எல்லாரும் கைப்பேசியைத்தான் குற்றம் சொல்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2020 ஆம் ஆண்டு ஊரடங்கின்போது திருமணம் இல்லை, பயணம் இல்லை, வீட்டுக்கு விருந்தினர் வரவும் இல்லை. இதைவிட எழுதுவதற்கு ஏற்ற காலம் வாய்க்காது என்று நண்பர்கள் சொன்னார்கள். அந்த ஆண்டில் நான் எழுதியது மொத்தம் முப்பது சொற்களுக்குக்கூட எட்டவில்லை. விடிந்ததிலிருந்து வாட்ஸ்அப் செய்திகளைப் படித்துக்கொண்டும், உறவினர்களின் உடல்நிலையை விசாரித்துக்கொண்டும் இருந்தேன். ஓய்ந்திருந்த வேளையிலும் மனம் அந்தச் செய்திகளிலேயே நின்றது. ஒரு வேலையை முடிக்காமல் வேறொன்றுக்குத் தாவினால் மனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதைச் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009 இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டி, அதைக் கவன எச்சம் என்று பொருள்படும் பெயரால் குறித்திருக்கிறார் எனப் பின்னாளில் படித்தபோது, அந்த ஊரடங்குக் காலம் முழுவதும் எனக்கு நேர்ந்தது இதுதான் என்று தெரிந்துகொண்டேன்.

ஆயினும் என்னைப் பல ஆண்டுகள் நிறுத்திவைத்தது கைப்பேசி அன்று. வேலையைப் போலவே தோற்றமளிக்கும் வேறொன்றுதான் என்னை நிறுத்தியது. ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். ‘அடை’ என்பது எங்கள் ஊர்த் தறிச்சொற்களில் முக்கியமானது. உருவங்களை நெய்ய உதவும் ஜக்கார்டு பெட்டி என்ற பொறி வருவதற்கு முன்பு, சேலையின் கரையிலும் முந்தானையிலும் உருவங்களை எடுப்பதற்காகத் தறியில் கட்டப்பட்ட நூலமைப்பை அது குறிக்கும். இதற்கு ஆறு வரியில் விளக்கம் எழுத உட்கார்ந்தேன். இந்தச் சொல்லுக்கு அகராதியில் வேறு என்னென்ன பொருள் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இப்போது சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் தேடும் வசதியோடு கிடைக்கிறது, அதைத் திறந்தேன். அங்கிருந்து, ஜக்கார்டு என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி பிறந்து, பிரான்சின் லியோன் நகரத்தில் 1804 வாக்கில் அந்தப் பொறியை அமைத்த ஜோசப் மரி ஜக்கார்டின் வாழ்க்கை வரலாற்றில் நுழைந்தேன். அடுத்து, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய கைத்தொழில் நூல்களைத் தேடினேன். மூன்று வாரங்கள் கழித்து என் கையில் நாற்பது பக்கக் குறிப்பு இருந்தது. ‘அடை’ என்ற சொல்லுக்கு எழுத வேண்டிய ஆறு வரி மட்டும் எழுதப்படவில்லை. அந்த மூன்று வாரங்களும் நான் கடுமையாக உழைத்ததாகவே நம்பிக்கொண்டிருந்தேன் என்பதுதான் இதில் வருத்தத்திற்குரியது. திரைப்படம் பார்த்துப் பொழுதைக் கழித்திருந்தால் மாலையில் ஒரு குற்ற உணர்ச்சியாவது எழுந்திருக்கும். தகவல் தேடிக் கழித்த பொழுதுக்கு அந்த உறுத்தலும் வருவதில்லை. இன்னும் கொஞ்சம் தேடினால் நூல் இன்னும் சிறக்கும் என்ற எண்ணம்தான் வருகிறது.

இந்தத் தாமதத்தின் விலையை நான் மட்டும் கொடுக்கவில்லை. எனக்குச் சொற்களைத் தந்த முதிய நெசவாளர்கள் பதினொருவர். குழித்தறியின் விளிம்பில் என்னை உட்காரவைத்து, பாவு, ஊடை, அச்சு, விழுது, தார் என்று ஒவ்வொன்றையும் தொட்டுக்காட்டிப் பெயர் சொன்னவர்கள். அவர்களில் நால்வர் நூல் வருவதற்கு முன்பே காலமானார்கள். அவர்களுள் ஒரு பெரியவர், பார்க்கும்போதெல்லாம் “வாத்தியாரே, அச்சாகி வந்துச்சா?” என்று கேட்பார். “இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குது ஐயா” என்று நான் ஆறு ஆண்டுகள் விடை சொன்னேன். பிறகு அவர் மறைந்தார். அவர் சொல்லிய சொற்களில் இருபதுக்கும் மேற்பட்டவை வேறு எவருக்கும் தெரியாதவை. ஒரு சொல்லின் ஒலிப்பில் இன்று ஐயம் எழுந்தால் கேட்பதற்கு ஆள் இல்லை.

அவருடைய காரியம் முடிந்து வந்த பிறகுதான், பெரிய அகராதிகளை முன்னோர்கள் எப்படி முடித்தார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். தமிழ்ப் பேரகராதிக்கான பணி 1913 இல் தொடங்கியது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக 1,04,405 சொற்களோடு அது வெளிவந்தது. சொற்கள் அத்தோடு தீர்ந்துவிடவில்லை. மேலும் 13,357 சொற்களைக் கொண்ட பின்னிணைப்புத் தொகுதி 1939 இல் தனியாக வந்தது. இந்த விவரத்தை வகுப்பில் பலமுறை மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதில் எனக்கு ஒரு வழி இருக்கிறது என்பது அறுபத்தெட்டாவது வயதில்தான் உறைத்தது. பதின்மூவாயிரம் சொற்கள் வெளியே நிற்கும்போதே ஓர் அகராதியை நிறைவு செய்யலாம் என்றால், என் சிறு நூலை நான் எதற்காகத் திறந்தே வைத்திருக்க வேண்டும்?

மறுநாளே கடையில் நீல அட்டை போட்ட நாற்பது பக்க ஏடு ஒன்றை வாங்கி, அதன்மேல் ‘பின்னிணைப்பு’ என்று எழுதினேன். புதிதாகக் காதில் விழும் சொல், வேலைக்கு நடுவில் தோன்றும் ஐயம், பார்க்க வேண்டிய நூலின் பெயர், யாருக்கோ செய்ய வேண்டிய தொலைபேசி அழைப்பு என எது வந்தாலும் அதில் ஒரு வரி எழுதிவிட்டு, கையில் இருக்கும் சொல்லுக்குத் திரும்பினேன். ஐயம் உள்ள இடத்தில் ஓரத்தில் சிவப்புக் கோடு மட்டும் இடுவேன். அதைத் தீர்ப்பதற்கு ஞாயிற்றுக்கிழமை. நாளொன்றுக்கு ஐந்து சொல், வாரத்தில் ஆறு நாள் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். ஐந்துக்கு மேல் எழுத உற்சாகம் இருந்தாலும் எழுதுவதில்லை. ஏனெனில் ஒரு நாள் பதினைந்து எழுதிவிட்டு மூன்று நாள் கையைக் கட்டிக்கொண்டிருந்த பழைய பழக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். அதிகாலை நான்கரை மணி முதல் ஏழு மணி வரை தாளில் பேனாவால் எழுதுவேன். அதுவரை கைப்பேசி அடுத்த அறையில் பீரோவுக்குள் அணைந்து கிடக்கும். இந்தக் கணக்கில் 1,260 சொற்களுக்கும் விளக்கம் எழுதி முடிக்க 42 வாரங்களே ஆயின. எட்டு ஆண்டுகளாக நகராத வேலை அது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த 42 வாரங்களில் எனக்கு உண்மையில் கைகொடுத்தது என் மன உறுதி என்று நான் நினைக்கவில்லை. எங்கள் வீட்டு மாடியில் முன்பு நூல் சுற்றுவதற்குப் பயன்பட்ட சிறிய அறை ஒன்று காலியாக இருந்தது. அதில் ஒரு மேசையைப் போட்டு, தாள்களையும் சொல் அட்டைகளையும் பரப்பியது பரப்பியபடியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கீழே வர முடிந்தது. அதற்கு முன்பு கூடத்தில் உட்கார்ந்து எழுதிய காலத்தில், ஒவ்வொரு நாளும் அட்டைகளை எடுத்து அடுக்கவும், சாப்பாட்டு நேரத்தில் வாரிக் கட்டி வைக்கவுமே அரைமணி நேரத்துக்கு மேல் போனது. வீட்டில் இருக்கும் மனிதரை யாரும் வேலையில் இருப்பவராகக் கருதுவதுமில்லை. “சும்மாதானே இருக்கிறீர்கள், வங்கிக்குப் போய்விட்டு வந்துவிடுங்களேன்” என்று சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் கண்ணுக்கு நான் ஒரு நாற்காலியில் தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் முதியவன். அச்சுப் பிணைக்கும் நெசவாளரை, அதாவது பழைய பாவின் (நீளவாட்டு இழைகளின்) நுனியோடு புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்த்துக்கொண்டிருப்பவரை, எங்கள் தெருவில் யாரும் நடுவில் கூப்பிட மாட்டார்கள். என் தாயார் தண்ணீர்ச் செம்பைக்கூட ஓசையில்லாமல் வைத்துவிட்டு வருவார். அந்த வேலை எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. எழுத்து வேலை அப்படித் தெரிவதில்லை.

மாடியில் ஓர் அறை இருப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்? என்னோடு பணியாற்றிய ஆசிரியை ஒருவர், தம் பாட்டியிடமும் அண்டை வீட்டுப் பெண்களிடமும் கேட்டறிந்த தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் ஐந்து குறிப்பேடுகளில் எழுதி வைத்திருக்கிறார். என்னுடைய தொகுப்பைவிடப் பல மடங்கு அரிய தொகுப்பு அது. அவருக்கு முன்னுரை எழுதவும் பாடல்களை வகைப்படுத்தவும் ஓராண்டு போதும். ஆனால், காலைச் சமையல், பேரக்குழந்தையைப் பள்ளியில் விட்டு அழைத்து வருதல், படுக்கையில் இருக்கும் மாமியாருக்கான பணிவிடை ஆகியவற்றுக்கிடையே அவருக்குக் கிடைப்பது பதினொரு மணியிலிருந்து இரண்டு மணி வரை உள்ள பொழுது. அதிலும் அழைப்பு மணி அடித்தால் எழுந்து போக வேண்டியவர் அவர்தான். கைப்பேசியை அணைத்து வையுங்கள், மனத்தை ஒருமுகப்படுத்துங்கள் என்று அவரிடம் அறிவுரை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு வேண்டியது வீட்டுக்கு வெளியே ஒரு மேசை.

அந்த மேசையைத்தான் நம் பொது நூலகங்களிடம் கேட்கிறேன். சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948 இலேயே இயற்றப்பட்ட மாநிலம் இது. வீட்டு வரியோடு நூலக வரியையும் நாம் ஒவ்வொருவரும் செலுத்துகிறோம். 2010 இல் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், நம்முடைய நூல்களை நாமே கொண்டுசென்று படிப்பதற்குத் தனிப் பிரிவு உண்டு. போட்டித் தேர்வுகளுக்குப் படிக்கும் எத்தனையோ பிள்ளைகள் அதைப் பயன்படுத்துவதைக் கண்டு மகிழ்ந்திருக்கிறேன். மாவட்ட நூலகங்களிலும் அந்தப் பிள்ளைகள் நிறைந்திருக்கிறார்கள். அவர்களுடைய இருக்கையில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. தொகுப்பறைக்குப் பக்கத்திலோ மாடியிலோ ஆறு அல்லது எட்டு மேசைகள் கொள்ளும் ஓர் அறையை, எழுதிக்கொண்டிருக்கும் ஒரு பணியை முடிப்பதற்கென்றே ஒதுக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். நுழைவாயிலில் கைப்பேசிகளை வைக்கும் தட்டு ஒன்றும், ஒவ்வொருவருக்கும் கையெழுத்துப் படிகளைப் பூட்டி வைக்கச் சிறு அலமாரி ஒன்றும் இருந்தால் போதும். இணைய வசதி அந்த அறைக்குள் வேண்டாம். தேட வேண்டியவற்றைத் தேடக் கீழே கணினிகள் இருக்கின்றன.

ஒரு விதியை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன். இடத்தை ஒரு நாளைக்கு என்று கொடுக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரே மேசையை ஒருவருக்கே ஒதுக்க வேண்டும். என்ன எழுதுகிறார், எவ்வளவு எழுதியாயிற்று, எப்போது முடிப்பார் என்று விண்ணப்பத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம். தொடர்ந்து மூன்று வாரம் வராதவரின் மேசையை அடுத்தவருக்குத் தரலாம். பகல் பதினொன்று முதல் மூன்று மணி வரையிலான நேரத்தில் பாதி மேசைகளைப் பெண்களுக்கு ஒதுக்கினால், நான் மேலே குறிப்பிட்ட ஆசிரியையைப் போன்றவர்கள் தயக்கமின்றி வருவார்கள். இதற்குப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ தேவைப்படாது. முதலில் ஏதேனும் ஒரு மாவட்ட மைய நூலகத்தில் ஆறு மாதம் நடத்திப் பார்க்கலாம். அங்கே எழுதி முடிக்கப்படும் ஒவ்வொன்றின் படியையும் அந்த நூலகத்துக்கே அளிக்க வேண்டும் என்று வைத்தால், அந்த மாவட்டத்தைப் பற்றி வேறெங்கும் கிடைக்காத நூல்கள் அங்கே சேரும்.

என் நீல ஏட்டில் இப்போது 212 சொற்கள் காத்திருக்கின்றன. அவற்றை இரண்டாம் பதிப்புக்கென வைத்திருக்கிறேன். நான் கேட்கும் அறை காஞ்சிபுரத்தில் அமையுமானால், அதைக் காலையில் திறந்து மாலையில் பூட்டும் பொறுப்பை ஊதியம் எதுவும் பெறாமல் ஏற்க ஆயத்தமாக இருக்கிறேன் என்பதை நூலகத் துறையினருக்கு இக்கடிதத்தின் வழியே தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.