பிள்ளைகளின் கண்ணுக்குப் பகல் வெளிச்சம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைக்குக் கண்ணாடி போட வேண்டி வந்தால் பழி முழுவதும் செல்போன் மேல் விழுகிறது. போனைப் பிடுங்கிவிட்டு, அதே அறையில் புத்தகத்தோடு உட்கார வைத்தால் கண்ணுக்குப் பெரிய லாபம் இல்லை. கிடைக்காமல் போவது பகல் வெளிச்சமும்தான்.

பிறக்கும்போது விழிக்கோளத்தின் நீளம் சுமார் 17 மில்லிமீட்டர். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 24. அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர் நீண்டாலே சுமார் மைனஸ் 2.5 பவர் வந்துவிடும், கரும்பலகை மங்கும்; இதுதான் கிட்டப்பார்வை. நல்ல வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் சுரப்பு கூடுகிறது. நீட்சிக்குக் கடிவாளம் போடுவது அதுதான் என்பதே ஆய்வாளர்கள் பெரிதும் ஏற்கும் விளக்கம். கண்ணாடி பார்வையைத் தெளிவாக்கும். நீண்ட விழியைச் சுருக்காது. பவர் மிக அதிகமானால் பிற்காலத்தில் விழித்திரை விலகும் அபாயமும் கூடும்.

டியூப்லைட் எரியும் அறையில் மேசை மேல் 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருந்தாலே நல்ல வெளிச்சம் என்கிறோம். மேகம் மூடிய பகலில்கூட வெளியே 10,000 லக்ஸ் வரை இருக்கும்; உச்சி வெயிலில் ஒரு லட்சம். கண்மணி சுருங்கி விரிந்து சமாளித்துவிடுவதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. செல்போனில் லக்ஸ் மீட்டர் செயலி ஒன்றை இறக்கி, படிக்கும் மேசையிலும் ஜன்னலோரத்திலும் மர நிழலிலும் திரை மேலே பார்க்க வைத்துப் பாருங்கள். அளவு துல்லியமாக இராது, ஆனால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஜன்னலை விட்டுச் சில அடி உள்ளே நகர்ந்தாலே எண் சரிந்துவிடும்.

சீனாவின் குவாங்சோ நகரில் 2010-ல் தொடங்கிய ஆய்வில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாள்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியே வகுப்பு நடத்தினார்கள். மூன்றாண்டு முடிவில் அவர்களில் 30.4 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதம். தைவான் பள்ளிகள் அதே ஆண்டு முதல் தினமும் 120 நிமிடம் என்று இலக்கு வைத்தன.

இரண்டு மணி நேரத்தை ஒரே மூச்சில் தேட வேண்டாம். பள்ளிக்குப் போக வர நடை 20 நிமிடம், இடைவேளை 15, மதிய உணவுக்குப் பின் 25, மாலை விளையாட்டு 60. கணக்கு முடிந்தது. உச்சி வெயிலும் தேவையில்லை. திறந்த வெளியில் மர நிழலே போதும். தன் நிழல் தன் உயரத்தைவிடக் குட்டையாகத் தெரிந்தால் புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கிறது என்று பொருள். அப்போது தொப்பி போடட்டும், நிழலுக்குள் விளையாடட்டும். தொப்பி போட்டாலும் கண்ணுக்கு வந்து சேரும் வெளிச்சம் அறையில் கிடைப்பதைவிட அதிகம். சூரியனை நேராகப் பார்க்க மட்டும் விடவே கூடாது.

மரத்தடியிலும் போனைக் கையில் கொடுத்தால், கண் மறுபடி கிட்டத்திலேயே குவிந்து நிற்கும். வாரம் முழுவதும் அடைத்து வைத்துவிட்டு விடுமுறையில் ஈடுகட்டலாம் என்பதும் சரியல்ல; ஆய்வுகளில் பலன் தந்தது அன்றாட வெளிச்சம்.

ஏற்கெனவே கண்ணாடி போட்ட பிள்ளைக்கு இதன் பலன் குறைவு. வெளி விளையாட்டு முக்கியமாகக் கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போடத்தான் உதவுகிறது. ஆகவே பள்ளியில் சேருமுன்பே தொடங்குவது நல்லது. பவர் ஏறிக்கொண்டே போனால் கண் மருத்துவரிடம் சொட்டு மருந்து விட்டுப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்; மருந்து விடாமல் பார்த்தால் பிள்ளையின் கண் தசை இறுகி, மைனஸ் பவர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்வு நெருங்கும்போது விளையாட்டு வகுப்பைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இடைவேளையில் வகுப்பறைக் கதவைப் பூட்டி, பிள்ளைகள் அத்தனை பேரையும் வெளியே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கண் பரிசோதகர் ஒருவர்