வாராந்திரக் கூட்டம் வீண் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ரோட்டரி, லயன்ஸ் போன்ற சேவைச் சங்கங்களின் வாராந்திரக் கூட்டம் இந்தக் காலத்துக்கு ஒத்துவராது, அந்த நேரத்தையும் பணத்தையும் நேராகத் தொண்டுக்கே செலவிடலாம் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பல ஆண்டுகளாக இப்படியொரு சங்கத்தில் இருப்பவன், செயலாளராகக் கூட்டக் குறிப்பு எழுதியவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

கட்டுரையாளர் சொல்லும் குறை உண்மைதான். பல சங்கங்களில் கூட்டம் சடங்காகிவிட்டது. மணி அடித்துத் தொடங்கி, வரவேற்புரை, விருந்தினர் அறிமுகம், பிறந்தநாள், திருமணநாள் வாழ்த்து, சிறப்புரை, நன்றியுரை, குழுப் படம், அப்புறம் சாப்பாடு. நடக்கும் பணிகளைப் பற்றிப் பேச மிஞ்சுவது செயலாளர் அறிவிப்புக்கான சில நிமிடங்களே. புதிதாகச் சேரும் இளைஞர்கள் நாலு கூட்டம் வந்துவிட்டு நின்றுவிடுவதில் வியப்பில்லை. மாதத்துக்கு இரண்டு முறை கூடினால் போதும் என்று ரோட்டரியே 2016-ல் தன் விதியைத் தளர்த்திவிட்டது.

ஆனாலும் கூட்டமே வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தச் சங்கங்களின் கதையில் கூட்டம்தான் முதலில் வந்தது. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் வழக்கறிஞர் பால் ஹாரிஸும் நண்பர்கள் மூவரும் ஓர் அலுவலக அறையில் கூடியதுதான் ரோட்டரியின் முதல் கூட்டம். அப்போது, ஊருக்கு இன்னது செய்வோம் என்ற திட்டம் எதுவும் அவர்களிடம் இல்லை. பெரிய நகரத்தில் நட்பு வேண்டும், தொழிலில் ஒருவருக்கொருவர் கைகொடுக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். ஒவ்வொருவர் அலுவலகமாக மாறி மாறிக் கூடினார்கள். நகரத்தில் பொதுக் கழிப்பறை அமைக்கும் முயற்சியில் அவர்கள் இறங்கியது அதன்பிறகு, 1907-ல். லயன்ஸ் சங்கத்தினர் பார்வையற்றோருக்கான பணியைத் தங்கள் பெரும் பணியாக எடுத்துக்கொண்டதற்கும் ஒரு கூட்டம்தான் காரணம். 1925-ல் அவர்கள் மாநாட்டுக்கு வந்த, பார்வையும் செவித்திறனும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் நேரடியாக அப்படிக் கேட்டுக்கொண்டார். கூடி உட்கார்ந்து கேட்க ஆள் இருந்ததால்தான் அந்தப் பேச்சுக்குப் பலன் கிடைத்தது.

இன்னொரு காரணமும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சட்டென்று தெரியாது. இந்தச் சங்கங்களில் ஒவ்வொரு ஜூலை 1 அன்றும் தலைவர் மாறுகிறார். ஓராண்டுதான் பதவி. வரும் தலைவர் ஒவ்வொருவரும் தன் ஆண்டில் புதிதாக ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறார். தவறில்லை. ஆனால் போன ஆண்டு தொடங்கிய பணி யார் கையில்? பள்ளிக்குக் கொடுத்த குடிநீர் இயந்திரத்தின் வடிகட்டியைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் அது மூலையில் நிற்கும் வெறும் பெட்டிதான். சக்கர நாற்காலியின் டயர் தேயும், பிரேக் போகும். திறப்பு விழாவில் படம் எடுத்துக்கொண்டவர்களில் எத்தனை பேருக்கு இதெல்லாம் நினைவில் இருக்கும்? தலைவர் மாறினாலும் மாறாமல் நிற்பது வாராந்திரக் கூட்டம் ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டால் "அது என்ன ஆயிற்று?" என்று கேட்க இடமே இல்லாமல் போகும்.

ரத்த தானத்தையே எடுத்துக்கொள்வோம். சங்கத்தின் ஆண்டு விழாவன்று பெரிய முகாம் நடத்தி, ஒரே நாளில் ஏராளமானோர் ரத்தம் கொடுப்பது நல்ல செய்திதான். ஆனால் சேமித்து வைக்கும் சிவப்பணுக்கள் அதிகபட்சம் 42 நாள்தான் தாங்கும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்கு ஏறத்தாழ 5 நாள்தான். எல்லாச் சங்கங்களும் ஒரே வாரத்தில் முகாம் நடத்திவிட்டு ஓய்ந்துவிட்டால், இரண்டு மாதம் கழித்து ரத்தம் தேவைப்படும் நோயாளிக்கு அதனால் என்ன பயன்? வாரம்தோறும் கூடும் சங்கத்தால் கொடையாளர் பட்டியலை எடுத்துவைத்து, இந்த வாரம் யார், அடுத்த வாரம் யார் என்று ரத்த வங்கியின் தேவைக்கேற்ப முறைவைத்து அனுப்ப முடியும். அமைதியான, படம் வராத வேலை. ஆனால் உயிர் காக்கும் வேலை.

கண் சிகிச்சை முகாமும் இப்படித்தான். பரிசோதனையில் கண்புரை என்று தெரிந்தும் சிலர் அறுவைச் சிகிச்சைக்கு வருவதில்லை. பயம் இருக்கலாம், துணைக்கு ஆள் இல்லாமல் இருக்கலாம், ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற கவலை இருக்கலாம். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் சில வாரங்கள் சொட்டு மருந்து விட வேண்டும், மறுபரிசோதனைக்கு வர வேண்டும். அவர்களைத் தேடிப் போய் அழைத்து வருவதுதான் முகாமின் கடினமான பாதி. அந்தப் பாதியைச் செய்யாமல் "இத்தனை பேர் பயனடைந்தனர்" என்று அறிக்கை அனுப்புவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

போலியோ ஒழிப்பை நினைத்துப் பாருங்கள். ரோட்டரி 1985-ல் போலியோ பிளஸ் என்ற போலியோ ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 1988-ல் உலக அளவிலான கூட்டு முயற்சி தொடங்கியபோது 125 நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,50,000 பேர் அந்நோயால் முடங்கிக்கொண்டிருந்தார்கள். இன்று இயற்கையான போலியோ கிருமி தொடர்ந்து பரவிவரும் நாடுகள் ஆப்கானிஸ்தானும் பாகிஸ்தானும் மட்டுமே. இது ஒரு நாள் முகாமால் வந்ததா? சொட்டு மருந்து கொடுத்த குழந்தையின் விரலில் மை வைத்து, விட்டுப்போன வீட்டைச் சுவரில் குறித்து, மறுபடி அந்த வீட்டுக்கே போனதால் வந்தது. பெரும் பணத்தோடு திரும்பத் திரும்பப் போகும் பொறுமையும் அதற்குத் தேவைப்பட்டது. தலைவர்கள் ஆண்டுதோறும் மாறிக்கொண்டே இருந்தும் அந்தப் பணி கைவிடப்படவில்லை.

ஆகவே சங்க நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வாரக் கூட்டம் இருக்கட்டும். வரவேற்பையும் வாழ்த்தையும் பாதியாகக் குறைப்போம். சாப்பாடு எளிமையாக இருக்கட்டும், இல்லாவிட்டாலும் சரி. மணி அடித்ததும் முதல் கால் மணி நேரம் பழைய பணிகளுக்கு. ஒவ்வொரு பணிக்கும் ஓர் உறுப்பினர் பொறுப்பு. குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு அவரே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். பழுதாகியிருந்தால் பழுது என்றே குறிப்பேட்டில் எழுத வேண்டும். புதிய உறுப்பினர்களுக்கு மேடைப் பேச்சைவிட இப்படி ஒரு பொறுப்பைக் கொடுத்தால் அவர்கள் நிச்சயம் நிலைத்து நிற்பார்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். சங்கச் செய்திகளுக்கு நீங்கள் இடம் ஒதுக்குவது எங்களுக்குப் பெரிய ஊக்கம். நலத்திட்ட உதவி வழங்கும் படத்தை நாங்கள் அனுப்பும்போது, சென்ற ஆண்டு வழங்கியது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற விவரத்தையும் எங்களிடம் கேளுங்கள். அது வந்தால் மட்டுமே படத்தைப் பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
சேவைச் சங்க உறுப்பினர் ஒருவர்